ஒற்றை எண், இரட்டை எண்

"அப்பா, எல்லாரும் கை தூக்குறாங்க. நீங்க மட்டும் ஏன் தூக்கல?"

ட்ரேசிக்கு அப்போது ஏழு வயது. அன்று மனைவி எல்ஸிக்குக் காய்ச்சல் என்பதால், ஸ்டானிஸ்லாஸ் மகளையும் கூட்டிக்கொண்டு ஏதோ ஒரு கிளைக் கூட்டத்துக்குத் தேர்தல் நடத்தப் போயிருந்தார். அந்தக் காலத்தில் வாக்குச் சீட்டெல்லாம் கிடையாது. கையைத் தூக்கினால் ஓட்டு. நாற்பது கைகள் உயர்ந்து நிற்க, அப்பா மட்டும் பேனாவால் காற்றைக் குத்திக் குத்தி எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளை கேட்டாள்.

"எண்ணுறவன் கை தூக்கக் கூடாதும்மா," என்றார் அவர். "தூக்கினா எண்ணிக்கை தப்பாப் போயிடும்."

அந்தப் பதிலை நினைத்து அவருக்கு நெடுங்காலம் ஒரு பெருமை இருந்தது. பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். இப்போது அறுபத்து நான்கு வயது. ஈப்போவை அடுத்த லகாட்டில் சொந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும், தொகுதிக் கட்சி அலுவலகத்துக்கும் தவிர வேறெங்கும் அதிகம் போகாதவர். எந்தக் கிளையில் சண்டை இருக்கிறதோ அந்தக் கிளைக்குத் தேர்தல் அதிகாரியாக அவரைத்தான் அனுப்புவார்கள். தோற்றவர்கள்கூட, "ஸ்டானிஸ்லாஸ் எண்ணினாரா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

பெருந்தொற்றின் இரண்டாம் வருடம் அது. கட்சித் தேர்தலை இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. இனித் தள்ள முடியாது, மாத முடிவுக்குள் எல்லாக் கிளைகளும் முடித்தாக வேண்டும் என்று தலைமையகம் கடிதம் அனுப்பிவிட்டது. ஸ்டானிஸ்லாஸுக்குக் கிடைத்தது செமோருக்கு அந்தப் பக்கம் உள்ள கிளென்மோர் தோட்டக் கிளை. கிளையின் பெயரில் மட்டும்தான் தோட்டம் மிச்சமிருந்தது. ரப்பர் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்து, அதில் பாதி விற்கப்பட்டு, சனங்கள் ஐந்து வரிசை மலிவு வீடுகளுக்கு வந்து சேர்ந்து இருபது வருடம் ஆகிறது. உறுப்பினர்கள் நூற்று நாற்பது பேர். பெரும்பாலும் வயதானவர்கள்.

மூன்றில் ஒரு பங்கு வராவிட்டால் கூட்டம் செல்லாது. அதனால் வருவதாகச் சொல்லாதவர்களை அவரே ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். எல்ஸி வீட்டில் இல்லை. ட்ரேசிக்குக் குழந்தை பிறந்து, உதவிக்காகத் தஞ்சோங் மாலிம் போனவள், மாவட்டம் தாண்டக்கூடாது என்ற உத்தரவில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். அவர் தனியாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரே கதையை ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் போனை எடுக்கவில்லை. சிலர் எடுத்து, "யாரு செத்தது?" என்று கேட்டார்கள். அந்த மாதங்களில் அறியாத எண்ணிலிருந்து வந்த அழைப்புகள் அப்படித்தான் இருந்தன.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பெண் குரல் தானாகவே அவரை அழைத்தது.

"சார், நான் இருளாயி பேசுறேன். பத்துமலையோட சம்சாரம். அவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு, வாரத்துக்கு மூணு நாளு ரத்தம் கழுவுறாங்க. அதத் தவிர வாசலத் தாண்ட விடுறதில்ல. ஆனா ஓட்டுன்னா போயே ஆவணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. கிளை தொடங்குன நாள்லேருந்து ஒரு தடவகூடத் தவறினதில்லையாம். வரலாமா சார்? நீங்க வாங்கன்னா வாரோம், வேணாம்னா கதவப் பூட்டி வச்சிர்றேன்."

ஸ்டானிஸ்லாஸ் பட்டியலைப் பார்த்தார். உறுதி சொன்னவர்கள் நாற்பத்தொரு பேர். நாற்பத்தேழு வேண்டும். மூன்று நாளாகப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

"வாங்கம்மா. பத்து நிமிஷ வேலைதான். கூட்டமே இருக்காது, நேரம் பிரிச்சுக் குடுத்திருக்கேன். பயப்படாதீங்க, நான் பொறுப்பு."

"அப்பச் சரி சார். நீங்க சொன்னாப் போதும்."

அவர் இரண்டு பெயர்களுக்கு எதிரிலும் சரி போட்டார்.

நேரம் பிரித்தது உண்மைதான். மண்டபத்தில் ஒரே சமயம் ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்பது விதி. அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. இரட்டைப்படை என்றால் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. ஐந்து நிமிடத்தில் எழுதி வாட்சப்பில் அனுப்பிவிட்டார். சுத்தமான ஏற்பாடு என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

இந்த நாட்டில் எவருக்கும் தெரிந்த விஷயம்: அட்டையின் கடைசி எண் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. பள்ளிப் பதிவேட்டில் ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்று சந்தேகம் வந்தால், அந்த எண்ணைப் பார்த்துத்தான் முப்பத்து மூன்று வருடமும் அவர் சரிபார்த்திருக்கிறார். ஆனால் அன்று அவர் கண்ணுக்கு அவை வெறும் எண்களாகத்தான் தெரிந்தன. அவற்றின் பின்னால் ஆட்கள் இருப்பது தெரியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் மண்டபத்துக்குப் போய்விட்டார். மேசைக்கு முன்னால் கனத்த பிளாஸ்டிக் திரை ஒன்றைக் கட்டினார். இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் முகத்தடுப்பு. ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தபோது வாசலில் ஊரே நின்றது. உறுதி சொல்லாதவர்களும் வந்திருந்தார்கள்.

தலைவர் பதவிக்கு இருவர் போட்டி. இருபத்திரண்டு வருடமாகத் தலைவராக இருக்கும் பிச்சைமுத்து ஒருவர். பாலர் பள்ளி ஆசிரியை துளசி இன்னொருவர். ஊரடங்கில் வேலை போன வீடுகளுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் அரிசி கொண்டுபோனவள் அவள். வாசலில் உடல் வெப்பம் பார்த்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்த துளசிதான் முதலில் கண்டுபிடித்தாள். திரைக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்தாள்.

"சார், ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் ஒம்போது மணி. பொம்பளைங்க அத்தனை பேருக்கும் பதினொண்ணு. எங்க ஊர்ல புருஷன் பொண்டாட்டிக்குச் சேர்த்து ஒரு மோட்டார்தான் சார் இருக்கு."

ஸ்டானிஸ்லாஸ் திரைக்கு மேலாக முற்றத்தை எட்டிப் பார்த்தார். ஆண்கள் ஓட்டுப் போட்டுவிட்டு மனைவிக்காகக் காத்திருப்பார்கள். பெண்கள் கணவனோடு வந்துவிட்டுப் பதினொரு மணிக்காகக் காத்திருப்பார்கள். கூட்டத்தைப் பாதியாக்க நினைத்தவர், நூற்றுப் பதினைந்து பேரையும் ஒரே முற்றத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "சாருக்கு இன்னும் கல்யாணம் ஆவல போல. புருஷன் ஒரு நேரம், பொண்டாட்டி ஒரு நேரம்னு பிரிச்சு வச்சிருக்காரு."

"எனக்கு இதுவே புடிச்சிருக்குலா," என்றார் இன்னொருவர். "ரெண்டு மணி நேரம் நிம்மதி."

"உங்களுக்கா நிம்மதி? வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்." அது அவர் மனைவியாக இருக்க வேண்டும். எல்லாரும் சிரித்தார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்த சந்தோஷம் அவர்களுக்கு.

முற்றத்தில் பிச்சைமுத்து கூடாரம் போட்டிருந்தார். எழுபது வயதிலும் வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர். நடக்க முடியாதவர்களைத் தன் வேனில் அவரே ஏற்றி வந்திருந்தார். தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. முகக்கவசம் தாடையில் தொங்கியது.

"தலைவரே, சாப்பாடு வேணாம்னு சொல்லியிருந்தேனே," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"என்ன சார் நீங்க. பசியோட ஓட்டுப் போடச் சொல்றதா? எல்லாரும் ரெண்டு ஊசி போட்டாச்சுலா. ஒண்ணும் ஆவாது. நீங்களும் ஒரு பொட்டலம் எடுத்துக்குங்க."

பத்தரை மணிக்கு மழை வந்தது. முற்றத்தில் நின்றவர்கள் கூடாரத்துக்குள் நெருங்கினார்கள். கூடாரம் ஒழுக ஆரம்பித்ததும் மண்டபத்துத் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு, ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டு நின்றார்கள்.

அப்போது நிறுத்தியிருக்கலாம். எழுந்து நின்று, "இன்றைக்குப் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நிறுத்தினால் இன்னொரு ஞாயிறு, மறுபடி அத்தனை அழைப்புகள், மறுபடி அதே பதில்கள். அவர் களைத்துப் போயிருந்தார். "கணவன் மனைவி சேர்ந்தே வரலாம், வரிசையா வாங்க" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது மணி பதினொன்றாகிவிட்டது.

நீலச் சேலை கட்டிய ஒரு மெலிந்த பெண்மணி மேசைக்கு வந்தார். அட்டையைத் திரைக்கு அடியில் தள்ளினார். இருளாயி. கூடாரத்தின் ஒழுகாத ஓரத்தில், பிச்சைமுத்துவின் பக்கத்து நாற்காலியில், உப்பிய முகத்தோடு பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்த மனிதர்தான் பத்துமலை.

"பத்து நிமிஷம்னீங்களே சார்," என்றார் இருளாயி. கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொன்னார்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றார் ஸ்டானிஸ்லாஸ். இரண்டு முகக்கவசமும், முகத்தடுப்பும், பிளாஸ்டிக் திரையும் தாண்டி, தகரக் கூரையில் விழுந்த மழையும் தாண்டி அது அந்தப் பெண்மணிக்குக் கேட்கவில்லை. "என்ன சார்?" என்று கேட்டுவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிச்சைமுத்து அறுபத்தொன்று. துளசி ஐம்பத்து மூன்று. செல்லாதது ஒன்று. ஸ்டானிஸ்லாஸ் மூன்று முறை எண்ணினார். எண்ணிக்கையில் தவறில்லை.

*

புதன்கிழமை பிச்சைமுத்துவுக்குத் தொற்று உறுதியாகி, ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று மாலையே சுகாதார அதிகாரிகள் பட்டியல் எடுத்தார்கள். வேனில் வந்தவர்கள், கூடாரத்தில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்று முப்பத்திரண்டு பேருக்குக் கையில் இளஞ்சிவப்பு வளையம் மாட்டி, வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஸ்டானிஸ்லாஸையும் அழைத்துக் கேட்டார்கள். திரைக்குப் பின்னால் இருந்தீர்களா, எங்கும் கவசத்தைக் கழற்றவில்லையா, சாப்பிடவில்லையா என்று கேட்டு, பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று ஆனபின், உங்களுக்கு வளையம் வேண்டாம் என்றார்கள்.

அதுதான் அவரை அதிகம் உறுத்தியது. தனக்கு மட்டும் ஒரு திரை கட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தில் இருந்தவர்களிடம் பயப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தார்.

தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. "சுகாதார விதிமுறைகள் முழுமையாகப் பின்பற்றப்பட்டன" என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். கிளைச் செயலாளர் போன் செய்து, "மழ வந்துச்சு, கூட்டம் தானாக் கூடிருச்சுன்னு எழுதுங்க சார், யாருக்கும் பிரச்சினை இல்ல" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஸ்டானிஸ்லாஸ் அந்த அச்சடித்த வரியை அடித்துவிட்டு, "நேரம் பிரித்ததில் தவறு என்னுடையது. மழை வந்தபோது நிறுத்தாததும் என்னுடையது" என்று எழுதி அனுப்பினார். பதிலே வரவில்லை. யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று பிறகு தோன்றியது. எழுதியதால் மனம் இலேசாகும் என்று எதிர்பார்த்திருந்தார். அதுவும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை துளசி அழைத்தாள். அவள் சாப்பிடவில்லை, வாசலிலேயே நின்றிருந்தாள், அதனால் வளையம் இல்லை. பூட்டிய வீடுகளின் கேட்டில் சாமான் தொங்கவிட்டு வருவது இப்போது அவள் வேலையாகியிருந்தது.

"சார், பத்துமலை அண்ணன் நேத்து ரத்தம் கழுவப் போகல. வழக்கமா வர்ற வேன்காரர் வரமாட்டேங்கிறாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அந்த வேன்ல இன்னும் மூணு நோயாளிங்க போறாங்க. ஆம்புலன்ஸ் கேட்டேன், மூச்சுத் திணறுற கேஸுக்கே வண்டி பத்தலையாம். ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துல, சனிக்கிழமை மத்தியானம் பக்கவாசல் வழியா கூட்டிட்டு வாங்க, தனி அறையில பார்க்கிறோம்னு சொல்லிட்டாங்க. பரிசோதனையில அவருக்கு ஒண்ணுமில்ல. ஆனா யாரு கூட்டிட்டுப் போறது? எனக்கு மோட்டார் மட்டுந்தான் ஓட்டத் தெரியும். நாளைக்கும் விட்டா முகம், கால், நெஞ்சு எல்லாம் தண்ணி கோத்துரும் சார். தாங்க மாட்டாரு."

ஸ்டானிஸ்லாஸ் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே நின்ற தன் பழைய சாகா காரைப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தர் இருக்காரு," என்றார். "நாளைக்கு ஒரு மணிக்கு வந்துருவாரு. வளையம் கழட்டுற வரைக்கும் வருவாருன்னு சொல்லிருங்க."

"கட்சியில ஏற்பாடு பண்ணதுன்னு சொல்லவா சார்?"

"எப்படி வேணாலும் சொல்லுங்கம்மா."

*

டிரைவர் என்றால் டிரைவர்தான். தேர்தல் நாளில் கட்டியிருந்த கழுத்துப்பட்டை இல்லை. ஒரு பழைய டீசட்டை, தொப்பி, இரண்டு முகக்கவசம். முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடையில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, நான்கு ஜன்னலையும் இறக்கி வைத்தார்.

இருளாயி கேட்டுக்கு உள்ளேயே நின்றார். கையில் வளையம். பத்துமலையின் கண்கள் வீக்கத்தில் பாதி மூடியிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்கினார். தொட்டுத் தாங்கலாமா கூடாதா என்று ஸ்டானிஸ்லாஸ் ஒரு கணம் தயங்கினார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, அவர் அக்குளில் கை கொடுத்துப் பின் இருக்கையில் உட்கார வைத்தார்.

"தலைவரு அனுப்பினதுதானே அண்ணே?" என்று கேட்டார் இருளாயி. "ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தும் நம்மள மறக்கல பாருங்க. அவரு நல்லா இருக்கணும்."

வாய் திறந்தால் குரல் தெரிந்துவிடுமோ என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஓர் ஆட்டல்.

ஈப்போ போய்ச் சேர முக்கால் மணி நேரம். அங்கே நான்கு மணி நேரம். உள்ளே விடமாட்டார்கள். பின்பக்கம் மழைமரத்தடியில் காரை நிறுத்தி, ஜெபமாலையை எடுத்தார். மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போதே தூங்கிப்போனார். விழித்தபோது ஜெபமாலை நழுவிக் காலடியில் கிடந்தது. விட்ட இடம் எது என்று தெரியாததால் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இரவு எல்ஸி அழைத்தாள். "மத்தியானம் பூரா போன எடுக்கல. எங்க போயிருந்தீங்க?"

"கட்சி வேல."

"தேர்தல்தான் முடிஞ்சிருச்சே. இன்னும் என்ன கட்சி வேல?"

"கொஞ்சம் பாக்கி இருக்கு."

"நல்ல கட்சிலா. பேத்திக்கு ஒரு மாசம் ஆவப்போவுது, வீடியோவுலகூட ஒழுங்காப் பார்க்க மாட்டேங்கிறீங்க. சாப்பிட்டீங்களா, அதையாவது சொல்லுங்க."

கோவில் திறந்ததும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டிய பாவங்களோடு இந்தப் பொய்யையும் சேர்த்துக்கொண்டார். பட்டியல் ஏற்கெனவே நீளமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்துமலையின் முகம் வடிந்து, மனித முகமாகியிருந்தது. திரும்பும்போது, செமோர் சாலைக்குத் திரும்பியதும், பின்னாலிருந்து தாளைத் தட்டினார்.

"டிரைவர் அண்ணே, தலைவருக்கு எப்படி இருக்காம்?"

"ஆக்சிஜன் வச்சிருக்காங்களாம். கொஞ்சம் தேவலையாம்," என்றார் ஸ்டானிஸ்லாஸ், தொண்டை கரகரக்க.

பத்துமலை கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். செம்பனை வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லிராதீங்க. அவருக்கு நான் ஓட்டுப் போடல."

ஸ்டானிஸ்லாஸ் கேட்கக் கூடாத ஒன்று. முப்பது வருடத்தில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. "அதெல்லாம் என்கிட்ட எதுக்குண்ணே?"

"வேற யாருகிட்ட சொல்றது? பொண்டாட்டிகிட்ட சொன்னா அடிப்பா. அவரு வேன்ல ஏறி, அவரு நாசி லெமாக்கத் தின்னுட்டு, உள்ள போயி அந்தத் துளசிப் பொண்ணுக்குப் போட்டேன். அரிசி கொண்டாந்து குடுத்துச்சேன்னு. இப்ப இவரு சாகக் கெடக்குற நேரத்துல எனக்குக் காரு அனுப்புறாரு. இந்த சீட்டு என்னய முள்ளாக் குத்துதுண்ணே."

உண்மையைச் சொன்னால் அந்த மனிதரின் முள் அக்கணமே விழுந்துவிடும். 'தலைவர் அனுப்பவில்லை, நான்தான் வந்தேன்' என்று ஒரே வாக்கியம். ஸ்டானிஸ்லாஸ் அதை வாய்வரை கொண்டுவந்தார். ஆனால் அதற்குப் பிறகு பத்துமலை நன்றி சொல்வார். இருளாயி கும்பிடுவார். தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கப்போன இடத்தில், அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டு வருவதாகிவிடும்.

"ஓட்டுக்கு ஓட்டு, சோத்துக்குச் சோறுன்னு கணக்கு ஒண்ணும் இல்லண்ணே," என்றார் மெதுவாக. "வேன்ல ஏத்தினாரா, அதுக்கு நன்றி சொன்னாப் போதும். மத்தபடி நல்லவங்கன்னு பட்டவங்களுக்குத்தானே போட்டீங்க. அதுல தப்பில்ல. அவரு சொகமாகணும்னு ஒரு வார்த்த வேண்டிக்குங்க. அது அவருக்கு ஓட்ட விட அதிகம் உதவும்."

"டிரைவரு வேதக்காரரா? மாதா கோயில் ஆளா?"

"ஆமாண்ணே."

"பேச்சுலயே தெரியுது." பத்துமலை சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் சொன்னார்: "அந்த எலெக்சன் ஆபிசரும் வேதக்காரருதான். எனக்கு ஒரு நேரம், என் பொண்டாட்டிக்கு ஒரு நேரம்னு போட்டு அவள ரெண்டு மணி நேரம் நிக்க வச்சாரு. படிச்ச மனுசன், ஆம்பள நம்பரு பொம்பள நம்பருகூடத் தெரியல."

ஸ்டானிஸ்லாஸ் சாலையை மட்டும் பார்த்தார். "அவரு மேல கோவமா?"

"கோவப்பட்டு என்ன செய்ய? வரச்சொன்னாரு, வந்தோம். எனக்கும் வீட்டுல கெடந்து பைத்தியம் புடிச்சிருச்சு, நாலு மூஞ்சிய பார்க்கணும்னு ஆச. என் பொண்டாட்டிதான் சொன்னா, அவரும் தூங்கியிருக்க மாட்டாருங்கன்னு. நேத்து வெளக்கேத்துறப்ப அவருக்கும் ஒரு வேண்டுதல் சேர்த்துக்கிட்டா. பேரு தெரியாது, 'அந்த ஆபிசரு'ன்னு."

முகக்கவசத்துக்குள் முகம் நனைந்தால் அது காயும்வரை அப்படியே ஓட்ட வேண்டியதுதான் என்பதை ஸ்டானிஸ்லாஸ் அன்று தெரிந்துகொண்டார்.

*

வியாழக்கிழமையும் போனார்கள். வெள்ளிக்கிழமை பிச்சைமுத்துவைச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. முப்பத்திரண்டு பேரில் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வந்து, வீட்டிலேயே தேறிக்கொண்டிருந்தார்கள். இருளாயிக்கும் பத்துமலைக்கும் இரண்டாவது பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வளையத்தை வெட்டிவிடலாம். அடுத்த செவ்வாயிலிருந்து வருவதாகப் பழைய வேன்காரரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

சனிக்கிழமை கடைசிப் பயணம். திரும்பி வரும்போது பத்துமலை தூங்கிவிட்டார். தூக்கத்தில் கை மடங்கி, ஊசி குத்திய இடத்துக் கட்டு நழுவியிருந்தது. தோட்டத்து முனையில் திரும்பும்போதுதான் ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியில் பார்த்தார். சட்டைக் கையும் இருக்கையும் சிவந்திருந்தன. காரைச் செம்பனை ஓரத்தில் நிறுத்தி, பின் கதவைத் திறந்தார். நிலையத்தில் கொடுத்தனுப்பியிருந்த பஞ்சை வைத்து அந்த இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திறந்த கதவருகில் முட்டி போட்டு உட்கார்ந்தார். பத்துமலை விழிக்கவில்லை. மூச்சு சீராக வந்தது. விரலுக்கடியில் ரத்தம் மெல்ல ஓடும் அதிர்வு தெரிந்தது. கசிவு அடங்கும்வரை, ஒரு லாரிகூட அந்தச் சாலையில் வரவில்லை. பிறகு புதுக் கட்டுப் போட்டு, சட்டைக் கையை மடித்து விட்டு, கறை தெரியாதபடி ஒரு துண்டை அவர் மேல் போர்த்தினார்.

வீட்டு வாசலில் எழுப்பினார்.

"வந்தாச்சாண்ணே? ஒரே தூக்கம்," என்றார் பத்துமலை. யாரும் தாங்காமல் தானாகவே இறங்கினார். உள்ளிருந்து குக்கர் சத்தமும், "காலக் கழுவிட்டு வாங்க" என்ற இருளாயியின் குரலும் வந்தன. பத்துமலை கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஸ்டானிஸ்லாஸ் காரை நகர்த்தினார்.

லகாட் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பின் இருக்கையின் உறையைக் கழற்றி, வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, உப்புப் போட்டுத் தேய்த்தார். முதல் தண்ணீர் சிவப்பாகப் போயிற்று. இரண்டாவது இளஞ்சிவப்பாக. மூன்றாவது வாளி தெளிவாகப் போகும்வரை குனிந்து தேய்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, உறையைப் பிழிந்து கொடியில் போட்டார்.